நீலப் பெட்டியில் இல்லாத வெளிச்சம்

அத்தியாயம் 6

ஜானகிக்கு இரண்டு நாளாக யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினால் ஒரு சவுரி முடி வந்து நின்றது.

முந்தாநாள் பெரம்பலூரில் டாக்டர் தமிழழகனின் பிசியோதெரபி கிளினிக்கில் நடந்த கூத்து அது. முட்டியைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் காத்திருந்த அத்தனை நோயாளிகள் முன்னால், அங்கே பெருக்கித் துடைக்கும் வீரம்மாளின் பையை வாங்கிப் பெஞ்சில் கவிழ்த்தாள் ஜானகி. திருட்டுப் பொருள் அதற்குள்தான் இருக்கும் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. விழுந்ததோ ஒரு சோற்று டப்பா, ஒரு சீப்பு, செய்தித்தாளில் மடித்த ஒரு சவுரி. வேலை முடிந்து நேராக அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போவதற்காக வீரம்மாள் கொண்டு வந்திருந்தாள். முடி கொட்டிப்போனதை ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்த ஒருத்தியின் ரகசியம், பெஞ்சிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். வீரம்மாள் அழவில்லை. குனிந்து அதை எடுத்து முந்தானைக்குள் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

அழுதிருந்தால்கூடத் தேவலை என்று ஜானகிக்கு இருந்தது.

"மேடம், டீ ஆறிப்போச்சு. உங்க மொகத்தப் பாத்துட்டு அதுவும் ஏடு கட்டி மூஞ்ச மூடிக்கிச்சு" என்றார் பிச்சைமுத்து.

அரியலூர் கடைவீதியில், உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது 'ஜானகி துப்பறியும் நிலையம்'. துப்பறிவது என்றால் பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கெனவே ஏதாவது உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான். பிச்சைமுத்து அவளுடைய ஒரே உதவியாளர். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ஓனரைப் பற்றி ஓனரின் மாமனாரிடமே ஜோக் அடித்து வேலையை விட்டவர். ஆள் ஐம்பதைத் தாண்டியும் வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"அண்ணே, டாக்டர் போன் பண்ணாரு. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள சாமான் கெடைக்கலன்னா வீரம்மா பேர்ல போலீஸ்ல புகார் எழுதிக் குடுக்கப் போறாராம். நாலு மணிக்கு வந்து நிக்கச் சொல்லியிருக்காரு, அந்த அம்மாவ."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"அவ எடுக்கலண்ணே. அது எனக்குப் பையக் கவுத்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு."

"கவுக்கறதுக்கு முந்தின நிமிஷம் தெரிஞ்சிருக்கலாம்" என்றார் பிச்சைமுத்து. சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

கேஸ் கேட்க எளிதாகத்தான் இருந்தது. கிளினிக்குக்கு எந்த லேசர் கருவியை வாங்குவது என்று முடிவு செய்ய, தமிழழகன் இரண்டு கம்பெனிகளிடமிருந்து ஆளுக்கு ஒன்று பரீட்சைக்கு வாங்கி வைத்திருந்தார். சென்னைக் கம்பெனியுடையது நீலப் பெட்டி. கோயம்புத்தூர்க் கம்பெனியுடையது வெள்ளைப் பெட்டி. இரண்டிலும் வயர் நுனியில் டார்ச் மாதிரி ஒரு பிடி உண்டு. அதை முட்டியில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி உள்ளே இறங்கி வலியைக் குறைக்கும் என்பது கணக்கு. ஓடுகிறது என்று தெரிவதற்காக ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரியும்.

தீபாவளி கழித்து ஒரு நல்ல நாளில் திறப்பு விழா. கொஞ்ச நாளில் நீலம்தான் உசத்தி என்று டாக்டர் உள்ளூர் கேபிள் டிவியில், குணமான நோயாளிகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசியும் விட்டார். இப்போது மார்கழி. போன வாரம் சென்னைக் கம்பெனி ஆள் வந்து நீலப் பெட்டியைச் சோதித்தால் லேசர் வரவில்லை. பிடியைத் திறந்து பார்த்தால், லேசரைக் கொடுக்கிற மிளகளவுச் சில்லு உள்ளே இல்லை. உங்கள் இடத்தில்தான் கழற்றியிருக்கிறார்கள் என்று அவன் குதித்தான். "நான் இல்லாதப்ப அந்த ரூமுக்குள்ள போறது வீரம்மா ஒருத்திதான்" என்று டாக்டர் ஜானகியிடம் வந்து சொன்னார். அதை அப்படியே நம்பியதுதான் அவள் செய்த துப்பறிதல்.

"திறப்பு விழா வீடியோ எடுத்தது யாரு?" என்று கேட்டாள் ஜானகி.

"நம்ம மகேஷ். ஏன்?"

"அன்னைக்கு அந்தப் பெட்டிகிட்ட யார் யாரு நின்னாங்கன்னு பாக்கணும். கெளம்புங்க."

மகேஷ் ஸ்டுடியோ பஸ் ஸ்டாண்டு பக்கம். கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய கை என்பது கேசட்டைப் போட்டவுடனே தெரிந்தது. டாக்டர் குத்துவிளக்கு ஏற்றும்போது மேலிருந்து ரோஜா இதழ் கொட்டியது. நோயாளியின் முட்டியில் லேசரை வைக்கும்போது இதய வடிவத்துக்குள் டாக்டரும் முட்டியும் தெரிந்தார்கள். இரண்டு புறாக்கள் குறுக்கே பறந்தன.

"அடுத்தது முட்டிக்குத் தாலி கட்டுவாரா தம்பி?" என்றார் பிச்சைமுத்து.

மகேஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எபெக்ட் போடலன்னா பார்ட்டி ஒத்துக்க மாட்டாங்கண்ணே."

"எபெக்ட் போடாத கேசட் இருக்கா மகேஷ்? கேமராவுல எடுத்தது அப்படியே வேணும்" என்றாள் ஜானகி.

இருந்தது. அதில் புறாவும் இல்லை, பூவும் இல்லை. முதலில் வெள்ளைப் பெட்டி. டாக்டர் பிடியைத் தூக்கி விருந்தினர்களுக்குக் காட்டினார். பிடியின் நுனியில் ஊதாவும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. அடுத்து நீலப் பெட்டி. அதையும் அதே மாதிரி தூக்கிக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நுனி இருட்டாக இருந்தது.

"நிறுத்து. திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டான். மறுபடியும் வெள்ளையில் வெளிச்சம், நீலத்தில் இருட்டு.

"மகேஷ், அந்த ஊதா வெளிச்சமும் உன் எபெக்டா?"

"இல்லக்கா, அது கேமரா புத்தி. நம்ம கண்ணுக்குத் தெரியாத சில வெளிச்சம் அதுக்குத் தெரியும். இப்படி வாங்க." டிவி ரிமோட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டி அழுத்தினான். "ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"இப்ப கேமரா வழியாப் பாருங்க."

கேமராவில் கண்ணை வைத்தாள். மகேஷ் அழுத்த அழுத்த, ரிமோட்டின் மூக்கில் அதே ஊதா வெளிச்சம் மினுக்மினுக்கென்று அடித்தது. கண்ணை எடுத்துப் பார்த்தால் ரிமோட்டின் மூக்கு சும்மா இருந்தது.

ஜானகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையில் அடித்தது கண்ணுக்குத் தெரியாத அந்த லேசர்தான். நீலப் பெட்டியில் சில்லு திறப்பு விழா அன்றைக்கே இல்லை. வீரம்மாள் அந்தக் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்ததே அதற்கு அடுத்த வாரம்தான்.

"கடைக் கண்ணாடிப் பெட்டியில அழகுக்கு வைக்கிற காலி சாமானத் தூக்கிக் கம்பெனிக்காரன் அனுப்பிட்டான் போல. யாரும் திருடல மேடம். நல்ல சேதிதானே, மொகம் ஏன் இன்னும் சுருங்குது?" என்றார் பிச்சைமுத்து.

"திருட்டே நடக்காத எடத்துல திருடியப் புடிச்சவ நான் ஒருத்திதாண்ணே."

பெரம்பலூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே வந்தன. ஜானகி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பையை மட்டும் அவள் யார் கையிலும் கொடுக்க மாட்டாள்.

"மேல வைங்க மேடம் அத. கைக்கொழந்தையா?"

"இருக்கட்டும்."

"இவ்வளவு வெக்கப்படாதீங்க. நம்ம அரியலூரப் பாருங்க. தனி ஜில்லான்னு போர்டு மாட்டி, ஒண்ணரை வருஷம் முடியறதுக்குள்ள கழட்டிட்டுப் போனாங்க. அது நிமிந்து நிக்கல?"

அவள் சிரிக்கவில்லை. பிச்சைமுத்து தாடையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. உள்ள ஒண்ணும் இல்லாத பெட்டி, லேசர் வர்ற பெட்டிய எப்படி ஜெயிச்சது?"

அந்தக் கேள்வி ஜானகியைச் சுண்டி நிமிர்த்தியது. டாக்டரிடம் போய் வீடியோவைச் சொல்லி கேஸை முடித்துவிடலாம் என்றிருந்தவள், பெரம்பலூரில் இறங்கியதும் அவர் அறைக்குப் போகாமல் கூடத்துப் பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்தாள். பாதிப் பேர் முந்தாநாள் இருந்தவர்கள். இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் தங்கள் பைகளை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். ஜானகிக்குக் காது சிவந்தது.

பக்கத்தில் இருந்த பெரியவர் பூமாலை. ஆண்டிமடத்துப் பக்கம் முந்திரிக்காடு வைத்திருப்பவர். கேபிள் டிவியில் டாக்டருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, முட்டி வலி பறந்து போச்சு என்று சொன்னவரும் இவர்தான்.

"ஐயா, முட்டி சரியாயிடுச்சுன்னு டிவியில சொன்னீங்களே. பொறவு எதுக்கு வந்துருக்கீங்க?"

பெரியவர் இங்குமங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மா சரியாச்சு? அது பாட்டுக்கு வலிக்குது."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"டாக்டரு பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும் எவ்வளவு வலின்னு கேப்பாரு. மொத நாளு எட்டுன்னேன். அப்புறம் ஏசி ரூமுல உக்கார வச்சு, அவரே மண்டி போட்டு ஒக்காந்து, நீலப் பெட்டிய முட்டியில வச்சுட்டு, சிரிச்ச மொகமா 'இப்ப எவ்வளவுய்யா'ங்கறாரு. ஒருத்தரு வூட்டுல எல போட்டுச் சோறு வச்சு எப்படியிருக்குன்னு கேட்டா, உப்பு இல்லன்னா சொல்லுவோம்? ரெண்டுன்னுட்டேன்."

"எல்லாரும் அப்படித்தானா?"

"நீலப் பெட்டிக்காரங்க எல்லாம் அப்படித்தான். வெள்ளப் பெட்டி பின்னாடி ரூமுல. அங்க ட்ரெயினிங்குக்கு வந்த பொண்ணு வைக்கும். சின்னப் புள்ளதானேன்னு அதுகிட்ட உள்ளதச் சொல்லிப்புடுவாங்க."

பிச்சைமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "லேசருக்கும் லேசருக்கும் போட்டின்னு நெனச்சேன். மரியாதைக்கும் உண்மைக்கும்ல நடந்துருக்கு."

பூமாலை நிறுத்துவதாக இல்லை. கேட்க ஆள் கிடைத்தால் மனக்குறையும் வெளியே வரத்தானே செய்யும். "எனக்கு வலிகூட வருத்தம் இல்லம்மா. ஓரவஞ்சனதான் தாங்கல. மொதல்ல எங்களுக்கும் கறுப்பு கூலிங் கிளாஸ் மாட்டி விடுவாரு, அவரும் மாட்டிக்குவாரு. கார்த்திகை தீபத்துக்குப் பொறவு நீலப் பெட்டிக்கு மாட்டவே இல்ல. வெள்ளப் பெட்டிக்காரங்களுக்கு மட்டும் இன்னமும் மாட்டறாங்க. அவங்க மட்டும் ஒசத்தியா?"

ஜானகி மெதுவாக எழுந்தாள். பிச்சைமுத்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் நடந்தார்.

தமிழழகன் முப்பத்தைந்து வயதுக்காரர். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். நீலப் பெட்டி இன்னமும் குங்குமப் பொட்டோடு மேஜையில் இருந்தது. பக்கத்தில் இரண்டு கறுப்புக் கண்ணாடிகள்.

"ஏதாவது தெரிஞ்சுதா மேடம்? வீரம்மா வர்ற நேரம்."

"தெரிஞ்சுது டாக்டர். அதுக்கு முன்னாடி, இந்தக் கண்ணாடி எதுக்கு?"

"லேசர் கண்ல பட்டா பார்வை போயிடும். அதுக்குத்தான்."

"எல்லாருக்கும் போடணுமா?"

"கட்டாயம். நான் ஒருநாள்கூட விட்டதில்ல."

"வெள்ளப் பெட்டிக்கு விட்டதில்ல. நீலப் பெட்டிக்குக் கார்த்திகையிலேருந்து ஏன் விட்டீங்க?"

 டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டிக்கெட் எடுக்காதவன் செக்கிங் ஏறினா ஜன்னலத்தான் வேடிக்கை பாப்பான் மேடம். என் சர்வீஸ்ல ஒரு ஆளும் தப்பினதில்ல" என்றார் பிச்சைமுத்து.

"இந்தப் பெட்டி வந்த அன்னைக்கே காலி. வீடியோவுல இருக்கு. அது உங்களுக்குக் கார்த்திகையிலேயே தெரியும். தெரிஞ்சதாலதான் கண்ணுக்குப் பயமில்ல, கண்ணாடியும் தேவைப்படல" என்றாள் ஜானகி.

தமிழழகன் உட்கார்ந்தார். பேசியபோது குரல் பாதியாகியிருந்தது. வெள்ளைப் பெட்டியோடு ஒரு அட்டை வந்திருந்ததாம். லேசர் பட்டால் அந்த அட்டை மினுங்கும். ஒருநாள் சும்மா அதை நீலப் பெட்டிக்கும் காட்டிப் பார்த்தார். மினுங்கவில்லை. அதற்குள் டிவியில் பேசியாகிவிட்டது. டிவியைப் பார்த்துவிட்டு ஜெயங்கொண்டத்திலிருந்தும் அரும்பாவூரிலிருந்தும் ஆட்கள் வந்து நீலப் பெட்டிதான் வேண்டும் என்று நின்றார்கள்.

"காலிப் பெட்டிய வச்சு வைத்தியம் பாத்தேன்னு எந்த வாயால சொல்வேன் மேடம்? கம்பெனிக்காரன் வந்து பிரிச்சப்ப திருட்டுன்னு அவனே சொன்னான். நான் ஆமான்னுட்டேன். யாருன்னு கேட்டான். வாசல்ல அந்தம்மா தொடைச்சிக்கிட்டு இருந்துச்சு."

இவ்வளவுதான். பணத்துக்காக இல்லை, பகைக்காக இல்லை. ஒரு மனிதன் வெட்கத்தை விழுங்க முடியாமல் பக்கத்தில் நின்றவள் தலையில் துப்பிவிட்டான். அந்தத் துப்பலைத் துடைக்காமல் ஊரெல்லாம் தடவியவள் தான் என்று ஜானகி நினைத்தாள். அவன்மேல் கோபப்படக்கூட அவளுக்கு யோக்கியதை இருப்பதாகத் தெரியவில்லை.

"புகார் குடுக்கல மேடம். அந்தம்மா வூட்டுக்கே போயி தனியா மன்னிப்புக் கேட்டுடறேன். போதும்ல?"

"நான் அந்தப் பையத் தனியாவா கவுத்தேன்?"

அவர் மேஜையில் கிடந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மடித்து வைத்தார்.

"வெளிய வாங்க டாக்டர். அதே கூடம், அதே ஆளுங்க."

வீரம்மாள் வந்திருந்தாள். புருஷன் அமாவாசை துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் தலையில் முக்காடு. முந்தாநாள் பார்த்துக்கொண்டு நின்ற அதே சுவரின் முன்னால் இன்றும் நின்றாள்.

டாக்டர் கூடத்துக்கு நடுவில் வந்தார்.   பெட்டி காலி என்பதைச் சொன்னார். தெரிந்தும் மறைத்ததைச் சொன்னார். வீரம்மாள் ஒன்றும் எடுக்கவில்லை என்பதை மட்டும் மறுபடியும் மறுபடியும் சொன்னார். பூமாலை தன் முட்டியைத் தானே பார்த்துக்கொண்டு, "எட்டுதாங்க டாக்டரு. மொத நாளும் எட்டு, இன்னைக்கும் எட்டு" என்றார் தலை நிமிராமல். அவருக்கும் ஏதோ பங்கு இருந்த மாதிரி.

இனி ஜானகியின் முறை. வரும் வழியெல்லாம் நல்ல வார்த்தைகளாகக் கோத்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, நான் உங்க பையக் கவுத்தேன்" என்றாள். 

மடியோடு அணைத்திருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். பெஞ்சின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

பிச்சைமுத்து "மேடம்" என்று கையை நீட்டினார். அதற்குள் எல்லாம் விழுந்துவிட்டது. பேனா. தலைவலி மாத்திரை. கசங்கிய பஸ் டிக்கெட். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தது அவிழ்ந்து, பெஞ்சில் உருண்டு, தரையில் போய் விழுந்தது. மஞ்சள் சரடில் கோத்த ஒரு கவரிங் தாலி.

கூடம் முழுக்க அதைப் பார்த்தது. பிறகு ஜானகியின் வெறுங்கழுத்தைப் பார்த்தது. நாற்பத்திரண்டு வயதில் கல்யாணம் ஆகாத ஒருத்தி, அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வெளியூர் போனால் யாரும் வாசலுக்குள் விடமாட்டார்கள். ஊர் எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதை மாட்டிக்கொள்வாள். திரும்பும்போது கழற்றிவிடுவாள். இத்தனை வருடம் கூடவே அலைந்த பிச்சைமுத்துவுக்கும் தெரியாது, டீக்கடைகளில் விசாரிப்பது அவர் வேலை, வீடுகளுக்குள் போவது அவள் வேலை என்று ஊர் எல்லையிலேயே பிரிந்துவிடுவார்கள் என்பதால். அவர் முதல் தடவையாகச் சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வீரம்மாள் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள்.  குனிந்து தரையில் கிடந்ததை எடுத்தாள். முந்தானையில் ஒரு தடவை துடைத்தாள். கைக்குட்டைக்குள் வைத்து முடிந்து, பைக்குள் போட்டு, ஜிப்பை அவளே இழுத்து மூடி ஜானகியின் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வைங்கம்மா" என்றாள். "நாலு பேரு பாக்குறாங்க."